விளக்கை அணைத்த பிறகு

தேபெக்
மார்ச் 5

என் அன்புத் தம்பி சாங்கூவுக்கு,

கூடப் பிறக்காத அண்ணன் பொங்தே எழுதுகிறேன். ஆமாம், நானேதான். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. முதல் வரியை முடித்ததும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இங்கே உன் அண்ணி நலம். நாய் நலம். நான் பாதி நலம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்.

போன இலையுதிர் காலத்திலிருந்து ஊர் அலுவலகத்து மாடியில் முதியோர் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். மற்றவர்கள் எல்லாம் பெண்கள், நாக்கு நீளமானவர்கள். முதல் நாள் நான் பென்சில் பிடித்ததைப் பார்த்து ஒருத்தி, "யோவ் சுரங்கக்காரரே, எழுதப் போறீங்களா, பாறையைத் துளைக்கப் போறீங்களா?" என்றாள். அன்றைக்கு மட்டும் மூன்று பென்சில் முறிந்தது. இப்போது முறிவதில்லை. மருந்துப் பொட்டலம் படிக்கிறேன். பேருந்துப் பலகை படிக்கிறேன். நினைவுக் கல்லுக்குப் போய் நம்மோடு வெளியே வராதவர்களின் பெயர்களை விரல் வைத்துப் படித்தேன். நம் கில்நாமின் பெயர் என்று நினைத்து இத்தனை வருஷமாக மதுவை ஊற்றிக் கும்பிட்டேனே, அது வேறு யாரோ ஒருவரின் பெயர். கில்நாம் இரண்டு வரிசை கீழே இருக்கிறான். அந்த வேறு ஆள் நன்றாகக் குடித்திருப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சியோலிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் பியோ. தொலைக்காட்சிக்கு ஆவணப்படம் எடுக்கிற இயக்குநர். நம் சுரங்கத்தை ஜூன் மாதத்தோடு மூடுகிறார்கள், வாயில் கான்கிரீட் ஊற்றி அடைக்கிறார்கள் என்று உனக்கும் தெரிந்திருக்கும். அதற்கு முன் நம் இரண்டு பேரையும் உள்ளே அழைத்துப் போய்ப் படம் எடுக்க வேண்டுமாம். தண்ணீரும் கரித்தூளும் சேர்ந்த கரிக்கஞ்சி உடைத்துக்கொண்டு வந்து வழியை அடைத்த பிறகு அத்தனை நாள் உள்ளே எப்படிப் பிழைத்தோம், பிறகு எப்படித் தேறினோம், அதுதான் படம். நாம் கிடந்த இடம் இப்போது தண்ணீருக்கு அடியில். அதனால் மேலே இருக்கிற முதல் மட்டம் வரைதான் போக முடியும்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டேன். அவளுடைய கார் திருப்பத்தில் மறைந்ததும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு இன்றைக்கும் லிஃப்டில் ஏற முடியாது. மகன் வீடு பதினோராவது மாடி, படியேறித்தான் போகிறேன். குளிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. ராத்திரி கூடத்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஊரில் எல்லோரும் என்னை இரும்பு மனுஷன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ வா, சாங்கூ. கரி வெட்டுகிற முதல் ஆள் நான், கூட நிற்கிற துணை ஆள் நீ; முதல் ஆள் துணை ஆள் இல்லாமல் உள்ளே போவது நம் பழக்கம் இல்லை.

போன் செய்திருக்கலாமே என்று கேட்பாய். போனில் நாம் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டியதே இல்லை. நான் சுரங்கம் என்று வாயைத் திறந்தால் உன் வீட்டு வாசலில் உடனே யாரோ மணி அடித்துவிடுகிறார்கள்.

உன் அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். "எனக்கு ஒரு லெட்டர் எழுதினதில்ல இந்த மனுஷன். தம்பிக்குத்தான் முதல் லெட்டரா?" என்கிறாள். "நீதான் இங்கயே இருக்கியே" என்றேன். "அப்ப நானும் தம்பி ஊருக்கு, ஆன்சானுக்குப் போயிடறேன்" என்கிறாள். அவள் வருவதற்குள் நீ இங்கே வந்துவிடு.

காலை உணவுக்குப் பின் உட்கார்ந்தவன், மதியச் சோற்றுக்கு எழுந்திருக்கிறேன்.

உன் அண்ணன்
மா பொங்தே


ஆன்சான்
மார்ச் 14

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

உறையின்மேல் உங்கள் பெயரைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள், அதைச் சொல்ல எழுதியிருக்கிறார்கள் என்று பயந்தேன். உங்கள் கையெழுத்து என்று தெரிந்ததும் அழுதுவிட்டேன். என் மனைவியும் பார்த்து, "எழுத்து ஒவ்வொண்ணும் தூண் நட்ட மாதிரி நிக்குதே" என்றாள். எங்கள் எல்லோருடைய வாழ்த்தும் உங்களுக்கு.

ஆனால் அண்ணா, நான் வரமாட்டேன். என்னைக் கேட்காமல் என் பெயரையும் சேர்த்துச் சரி என்று சொன்னது உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா? நீங்களும் போகாதீர்கள். வெளியே கொண்டுவந்து போட்டார்களே, அது போதாதா? நாமாக எதற்கு நடந்து உள்ளே போகவேண்டும்?

எப்படித் தேறினோம் என்றா அந்த அம்மாள் கேட்கிறாள்? உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இத்தனை நாள் இருட்டில் கிடந்த கண்ணில் திடீரென்று வெளிச்சம் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபோது கட்டைப் பிய்த்து எறிந்தேன். கட்டு அவிழ்த்த பிறகு வார்டு விளக்கை அணைக்க விடவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் என்னைக் கொன்றுவிடுவேன் என்றார். நீங்கள் உங்கள் கால் கட்டோடு எழுந்து உட்கார்ந்து அவரைத் திட்டினீர்கள். தேறியது அவ்வளவுதான். இதைப் படம் எடுத்து யார் பார்க்கப் போகிறார்கள்?

இங்கே எல்லோரும் நலம். மகள் யூரிம் அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடைக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்திருக்கிறாள், வாரக் கடைசியில் வருவாள். நான் கம்பெனிப் பேருந்து ஓட்டுவதை விட்டுவிட்டேன். வயதாகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

அடுத்த முறை பெரிய எழுத்தாக, கறுப்பு மையில் எழுதுங்கள். பென்சில் மங்கலாக இருக்கிறது. அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி
தோ சாங்கூ


தேபெக்
ஏப்ரல் 9

என் அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடி கறுப்புப் பேனா வாங்கிவிட்டேன். பெரிதாக எழுதினால் தாள் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. உனக்கு எதற்குப் பெரிய எழுத்து?

நான் போனேன், சாங்கூ. உன் பேச்சைக் கேட்காமல் போனேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன். சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பார்க்கிறேன், உன் அண்ணி என் வீட்டுச் செருப்பின் முனையை வீட்டுக்குள் பார்க்கும்படி திருப்பி வைக்கிறாள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்வார்களே, போனவன் திரும்பி உள்ளே வரட்டும் என்று, அதேதான். "நான் ஓய்வு வாங்கி எவ்வளவு காலமாச்சு, இன்னுமா?" என்றேன். "நீங்க வாங்கினீங்க. நான் வாங்கல" என்றாள்.

வாயில் பக்கத்தில் ஒரு பழைய பலகை இன்னும் தொங்குகிறது. அந்தக் காலத்தில் எந்தப் பலகையைக் காட்டிக் கேட்டாலும், "கவனமா இருங்கன்னு போட்டிருக்கு அண்ணே" என்பாய். இப்போது நானே படித்தேன். "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்று போட்டிருக்கிறது. நான் எத்தனை தடவை அதன் முன்னால் நின்று பயபக்தியோடு தலைக்கவசத்தைச் சரிசெய்திருக்கிறேன்! படுபாவி.

அதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆட்களை ஏற்றும் வண்டியில் உட்கார்ந்து, அது சரிவில் இறங்கத் தொடங்கியதும் அந்த வாசனை வந்தது. ஈர மரமும் கரியும் இரும்பும் கலந்த வாசனை. பியோ எதையோ கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. என் காது மேலே இருந்தது. உனக்குத் தெரியும், கூரையின் தாங்குமரம் எப்போது முனகும் என்று காத்துக்கொண்டிருந்தது.

முதல் மட்டத்தில் இறங்கினோம். நானும் பியோவும், கேமராக்காரர், பாதுகாப்பு அதிகாரி, தாடி வைத்த ஒலிப்பதிவுக்காரர். நான் மெல்ல மெல்ல நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டேன். "இங்கேதான் சாப்பிட உட்காருவோம், எலிக்கு ஒரு வாய் வைப்போம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்போது பின்னால் அந்தத் தாடிக்காரர், எதிரொலி எப்படி என்று பார்ப்பதற்காகச் சீட்டி அடித்தார்.

சுரங்கத்துக்குள் சீட்டி! எவன் அடிப்பான்? மேலே மரம் முறிகிற சத்தத்தை மறைக்கிற சீட்டியை எவன் அடிப்பான்?

நான் ஓடினேன். ஓடலாம் என்று நினைத்து ஓடவில்லை. நினைப்பதற்கு முன்னால் கால் ஓடியது. நொண்டிக் கால் எனக்கு. அன்றைக்கு அது நொண்டவே இல்லை. வண்டிக்குக்கூடக் காத்திருக்காமல் சரிவில் தண்டவாளத்தைப் பிடித்துத் தவழ்ந்து ஏறினேன். பின்னால் "ஐயா! ஐயா!" என்று கத்துகிறார்கள். அவர்களும் என்னோடு உள்ளே வந்தவர்கள், அவர்களை விட்டுவிட்டு வருகிறோம் என்ற எண்ணமே இல்லை. முதல் ஆள் கடைசியில் வெளியே வரவேண்டும். நான் முதலில் வந்தேன்.

வெளியே வெயிலில், பனி உருகிய சேற்றில் முழங்கால் சிராய்த்து உட்கார்ந்திருந்தேன். தாடிக்காரர் வந்து என் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். பியோ ஒரு கோப்பை சூடான தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"ஐயா, நீங்க எப்போ முழுசாத் தேறினீங்க?"

"ஆஸ்பத்திரியில போகலாம்னு சீட்டுக் கொடுத்தாங்களே, அன்னைக்கு."

"அப்ப இன்னைக்கு ஓடினது?"

"அது உடற்பயிற்சி."

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் நான் ஓடியதைப் படம் எடுத்துவிட்டார்கள், சாங்கூ. அதை வெட்டிவிடச் சொன்னேன். யோசிப்போம் ஐயா என்கிறாள். அது வந்தால் நான் இந்த ஊரில் எப்படி முகத்தைக் காட்டுவேன்?

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. உன் அண்ணி திட்டிக்கொண்டே உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை சூப் வைத்துக் கொடுக்கிறாள். நீ வரவேண்டாம். உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கடிதமாவது போடு.

ஓட்டக்காரன்
பொங்தே


ஆன்சான்
ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

சிரிக்கவில்லை. சீட்டி என்று படித்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அதற்குமேல் படிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பலகை விஷயத்துக்கு மன்னித்துவிடுங்கள். உண்மையைச் சொன்னால் நீங்கள் அதற்கும் என்னைத்தான் திட்டியிருப்பீர்கள்.

வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாளின்மேல் அளவுகோலை வைத்து, அதன் ஓரமாகத் தடவித் தடவி எழுதுகிறேன். நீங்கள் பெரிய எழுத்து எதற்கு என்று கேட்டீர்கள். கேட்கமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

அண்ணா, என் கண் போகிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். இடது கண் போன வருஷமே போய்விட்டது. வலது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தெரிகிறது. அந்தக் குழாயும் சிறுத்துக்கொண்டே வருகிறது. சொட்டு மருந்து விடுகிறேன், ஆபரேஷனும் செய்து பார்த்தார்கள். நிற்கவில்லை. இனி எவ்வளவு காலம் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கண் போவது வீட்டில் தெரியும். நான் பயப்படுவது தெரியாது. "பழகிப்போகும்" என்று நானே அவர்களுக்குத் தைரியம் சொல்கிறேன். சாயங்காலம் ஆனால் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, அவை எரிகின்றனவா என்று கையால் சூடு பார்க்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இதைக் கேட்க வேண்டிவரும் என்றுதான் இத்தனை வருஷம் உங்களைப் பார்க்காமல் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பதிலைக் கேட்கப் பயம்.

அங்கே, உள்ளே, விளக்கு செத்த பிறகு நான் கத்தினேன். அது எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு நேரம், என்னவெல்லாம் செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? உண்மையைச் சொல்லுங்கள். ஏனென்றால், முழுக்க இருட்டுகிற நாள் வரும்போது நான் மறுபடி அப்படி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அன்றைக்கு அங்கே நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். இந்த முறை யூரிம் இருப்பாள். என் மகள் என்னை அந்தக் கோலத்தில் பார்க்கக்கூடாது.

மறைக்காமல் எழுதுங்கள். மிகவும் பெரிதாக எழுதுங்கள்.

சாங்கூ


தேபெக்
ஏப்ரல் 27

என் தம்பி,

உன் கடிதத்தை நானே படித்தேன். யாரையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. உன் அண்ணிக்குக்கூடக் காட்டவில்லை. எழுத்துத் தெரிந்தது இதற்காகவாவது உதவட்டும். படித்துவிட்டு நாயை அழைத்துக்கொண்டு ஓடைக்கரை வரை போய்த் திரும்பினேன்.

மறைக்காதே என்றாய். மறைக்கவில்லை.

நீ கத்தினாய். கடைசி விளக்கு சிவந்து, சுருங்கி, போனதும் கத்தத் தொடங்கினாய். அம்மாவைக் கூப்பிட்டாய். பாறையை உதைத்தாய். என்னையும் உதைத்தாய், முறிந்த கால் என்று பார்க்காமல். நான் உன் வாயைப் பொத்தினேன், என் சட்டைக் கையைக் கடித்துக் கிழித்தாய். எவ்வளவு நேரம் என்று எனக்கும் தெரியாது. அங்கே நேரம் ஏது? நீண்ட நேரம்.

பிறகு உனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிறகு தூங்கிவிட்டாய். குறட்டை வேறு. நான் காலைப் பிடித்துக்கொண்டு விழித்துக் கிடக்கிறேன், இவன் குறட்டை விடுகிறான் பார் என்று அவ்வளவு கோபம் வந்தது. எழுந்து மறுபடி கத்தினாய். கொஞ்சம் குறைவாக. அடுத்த முறை இன்னும் குறைவு. அப்புறம் என்னைத் திட்ட ஆரம்பித்தாய். "சத்தமா மூச்சு விடாதீங்க அண்ணே, எரிச்சலா இருக்கு" என்றாய். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ கத்துவதை நிறுத்திய பிறகு நான் கத்தினேன். உனக்காக அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. அப்போது நீ என்ன செய்தாய் என்றால், பேசாமல் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாய். புத்தி பேதலித்தவன் செய்கிற காரியமா அது?

பயம் போகாது, சாங்கூ. போகும் என்று சொன்னால் அன்றைக்குச் சீட்டி கேட்டு நான் ஓடிய ஓட்டத்துக்கு என்ன பதில்? ஆனால் அதற்கும் களைப்பு வரும். கத்திக் கத்திக் களைத்துப் படுத்துக்கொள்ளும். அங்கே நான் பார்த்தது அதுதான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். சுரங்கத்தை அடைப்பதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வா. உன் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே, ஒரே ஒரு முறை, உன்னோடு அந்த இருட்டில் உட்காருகிறேன். அது உன்னை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கத்தினால் கத்து. கேட்க நான் இருக்கிறேன். வீட்டில் தனியாக அதைச் சந்திப்பதைவிட இது மேல்.

படத்துக்காகக் கூப்பிடவில்லை. பியோவிடம் அவர்கள் வரவேண்டாம் என்று சொல்லவும் தயார். ஆனால் அவர்கள் இல்லாமல் நம்மை உள்ளே விடமாட்டார்கள்.

இந்த முறை ஓடமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. உன் கையை என் இடுப்புப் பட்டையில் கட்டிக்கொள். ஓடினால் உன்னையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறேன்.

அண்ணன்
பொங்தே


ஆன்சான்
மே 6

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

யூரிம் எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"எழுது. அண்ணன் கடிதம் வந்தது. ரொம்ப நன்றி. நான் வரமாட்டேன்."

"எழுதிட்டேன்."

"என்ன எழுதியிருக்க?"

"வரமாட்டேன்னு எழுதியிருக்கேன்."

"அத அடிச்சிடு."

"அடிக்கவா, வேற தாள் எடுக்கவா?"

"அடி போதும். நான் முதல்ல அப்படிச் சொன்னேன்னு அண்ணனுக்குத் தெரியட்டும்."

பெரியப்பா, நான் இங்கே கொஞ்சம் என் வார்த்தையில் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று மழை மேகம். அப்பா ஜன்னலோரம் நின்று, பூதக்கண்ணாடி வைத்து, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. கடைசியில் என்னிடம் நீட்டினார். நான் சத்தமாக வாசித்தேன். அவர் கத்தியதைப் பற்றி நீங்கள் எழுதிய இடம் வந்ததும் "நிறுத்து" என்றார். நான் நிறுத்தவில்லை. கடைசி வரை வாசித்தேன். "ஏன் நிறுத்தல?" என்று கேட்டார். "எனக்கும் தெரியணும்ல அப்பா?" என்றேன்.

அப்பா பூதக்கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்தார். பிறகு, "குறட்டை விட்டேன்னு எழுதியிருக்காரே, அது பொய்" என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "அது ஒண்ணுதான் சத்தியம்" என்று கத்தினார்கள்.

அப்பா கேட்கிறார், "என்ன நீயே எழுதிட்டிருக்க? நான் சொல்றத எழுது. சனிக்கிழமை ரயில்ல வரேன். யூரிம் கூட்டிட்டு வருவா. ஆனா அவ உள்ள வரக்கூடாது. வெளியவே நிக்கணும். அத அண்ணனே அவகிட்ட சொல்லட்டும், நான் சொன்னா கேக்கமாட்டா."

எழுதிவிட்டேன். நான் வெளியே நிற்கிறேன், பெரியப்பா. அவர் இவ்வளவு பயப்படும்போது அதற்குமேல் பிடிவாதம் பிடிக்க எனக்கு மனம் இல்லை.

"கையெழுத்து நான் போடறேன். விரல எந்த இடத்துல வைக்கணும்னு காட்டு."

சாங்கூ


தேபெக்
செப்டம்பர் 12

என் அன்புத் தம்பிக்கும், இதை வாசித்துக் காட்டுகிற மகள் யூரிமுக்கும்,

இங்கே மலையில் ஒன்றிரண்டு இலை சிவக்கத் தொடங்கிவிட்டது. சுரங்க வாயை அடைத்துவிட்டார்கள். சாம்பல் நிறச் சுவர், அவ்வளவுதான். உன் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டுமே தெரிகிறது, ஆள் தெரிவதில்லை என்று போனில் சொன்னாய். அன்றைக்குப் போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று பியோ வந்தாள். படம் முடிந்துவிட்டது. மே மாதம் நாம் உள்ளே உட்கார்ந்த அந்தக் காட்சியை வைப்பதா வேண்டாமா என்று உன்னைக் கேட்டாளாம். நீ, "நான் எப்படிக் கிடந்தேன்னு எனக்குத் தெரியாது. என் அண்ணன் பார்க்கட்டும். மகள் பார்க்கலாம்னு அவர் சொன்னா வைங்க. இல்லேன்னா வெட்டிடுங்க" என்றாயாம். இவ்வளவு பெரிய பாரத்தை என் தலையில் வைத்துவிட்டாய். பார்ப்பதற்கு முன் எனக்கு இருந்த பயம் வண்டியில் இறங்கும்போதுகூட இருந்ததில்லை.

அன்றைக்கு நடந்தது நமக்குத் தெரியும். நீ என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பாறையோரம் உட்கார்ந்தோம். எல்லோரும் விளக்கை அணைத்தார்கள். "அணைச்சாச்சா?" என்று கேட்டாய். "அணைச்சாச்சு" என்றேன். "நீங்க எங்க இருக்கீங்க?" "இங்கதான்டா, என் கை உன் கால் மேல." நீ கத்தவில்லை, நானும் ஓடவில்லை. விளக்கு வந்தபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

ஆனால் அவர்களிடம் இருட்டில் பார்க்கிற கேமரா ஒன்று இருந்திருக்கிறது. பியோ தன் கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டினாள். உன் அண்ணியை வெளியே போகச் சொன்னேன். "நான் பார்க்காத மூஞ்சியா?" என்றாள். இருந்தாலும் போய்விட்டாள்.

முதலில் நான் ஓடுகிற இடம் வந்தது. நான் நினைத்ததைவிட வேகமாக ஓடியிருக்கிறேன். அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பிறகு இருட்டுக் காட்சி.

சாங்கூ, உள்ளே அத்தனை நாள் உன்னோடு கிடந்தேனே, உன் குரலைக் கேட்டேன், உன் உதையை வாங்கினேன், உன் மூச்சு எங்கே என்று கையை வைத்துத் தேடினேன். அந்த இருட்டில் உன் முகத்தை மட்டும் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. நேற்றுதான் பார்த்தேன்.

இருக்கிறதை இருக்கிறபடி எழுதுகிறேன்.

படம் சாம்பலும் பச்சையுமாக இருக்கிறது. நான் கண்ணை ஆந்தை மாதிரி விரித்துக்கொண்டு, வாய் பிளந்து, மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய். உன் தாடை நடுங்குகிறது. நன்றாகத் தெரிகிறது. கன்னத்தில் தண்ணீர் ஓடுகிறது, அதை நீ துடைக்கவில்லை. ஒரு தடவை உன் வாய் கத்தப்போவதுபோல் திறந்தது. பியோவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மூச்சுத்தான் வெளியே வந்தது. பிறகு மூடிக்கொண்டது. பிறகு மறுபடி திறந்து, மறுபடி மூடியது. அப்படியே போகிறது, விளக்கு வரும் வரைக்கும்.

அது பயந்த முகம்தான். தைரியசாலியின் முகம் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நிறையப் பயந்த முகம். ஆனால் புத்தி போனவனின் முகம் இல்லை. பயந்துகொண்டே அங்கேயே உட்கார்ந்திருக்கிற ஒருவனின் முகம். எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றவில்லை. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

வைக்கச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. இனி எழுதுவது யூரிமுக்கு. அம்மா, நீ அன்றைக்கு உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார். அந்த இடம் வரும்போது அவர் உன்னிடம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். நீ அழகுபடுத்தாதே. நான் இங்கே எழுதியிருப்பதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டாம். நீ பார்த்ததைச் சொல்.

பெரியப்பா
மா பொங்தே